ஒழுகித்தான் ஆகவேண்டும்

படகை வாங்கிய அன்றே அதன் அடிப்பலகைக்குள் என் கட்டைவிரல் நகம் வரை இறங்கியது. அழுத்தக்கூட இல்லை. டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி இருந்தது. விற்றவர் வேறு பக்கம் பார்த்தார். நானும் விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு முன்தளத்தின் வளைவை இன்னொரு முறை பார்த்தேன். 3,500 டாலர் கைமாறியது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மனைவி டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஏங்க, இது மிதக்குமா?" என்று மட்டும் கேட்டாள். மிதக்க இருபது மாதம் ஆயிற்று.

1952ஆம் வருடத்து கிறிஸ்-கிராஃப்ட் ரிவியரா, 18 அடி. பலகை மூடிக்கு அடியில் 95 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின். மிஷிகனில் இந்த மாதிரிப் படகுகள் இன்னும் யாராவது ஒருவர் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும். காரணம் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் டிட்ராயிட் புறநகரிலிருந்து ஒரு மணி நேரம் ஓட்டினால் அல்கோனாக் வந்துவிடும். செயின்ட் கிளேர் ஆற்றங்கரையில் சின்ன ஊர். அங்கே 1861இல் பிறந்த கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஸ்மித், வாத்து வேட்டைக்கு வருகிறவர்களுக்குப் படகு கட்டிக் கொடுத்துத் தொழிலை ஆரம்பித்தவர். 1922இல் மகன்களோடு சேர்ந்து தொடங்கிய பட்டறைதான் பின்னால் கிறிஸ்-கிராஃப்ட் ஆனது. அதே ஊரில் கார் வுட் என்பவரும் இருந்தார். லாரியின் பின்பெட்டியைத் தூக்கிக் கொட்டும் ஹைட்ராலிக் ஜாக்கியில் சம்பாதித்த பணத்தையெல்லாம் வேகப் படகில் கொட்டியவர். 1932இல் நான்கு பேக்கர்ட் எஞ்சின் பூட்டிய மிஸ் அமெரிக்கா எக்ஸ் என்ற மரப்படகை மணிக்கு 124.86 மைல் ஓட்டிக் காட்டினார். பகலெல்லாம் எஞ்சின் வரைபடத்தோடு மல்லுக்கட்டும் எனக்கு இந்தக் கதையெல்லாம் போதை. கார் ஊரும் படகு ஊரும் ஒரே தண்ணீரைக் குடித்து வளர்ந்தவை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இப்போது கண்காட்சிகளில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் இந்தப் படகுகளைப் பார்த்தால் ஏதோ ராஜா வீட்டுச் சொத்து போலத் தோன்றும். உண்மையில் இவை தொழிற்சாலைச் சரக்கு. அச்சு வைத்து வெட்டிய பலகை, வரிசையாக நகரும் வேலை, தவணையில் விற்பனை. வார இறுதியில் குடும்பத்தோடு ஏரியைச் சுற்றி வர வாங்கியவை. எழுபது வருடம் கழித்து ஒருவன் முட்டி போட்டு அடியைச் சுரண்டிக்கொண்டிருப்பான் என்று கட்டியவர்கள் நினைத்திருக்க வழியில்லை.

முதல் வேலையாகப் படகின் எண்ணைக் கண்டுபிடித்து, வர்ஜீனியா மாநிலம் நியூபோர்ட் நியூஸில் உள்ள மரைனர்ஸ் மியூசியத்துக்கு எழுதினேன். கிறிஸ்-கிராஃப்ட்டின் பழைய ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு படகுக்கும் ஓர் அட்டை. பணம் கட்டினால் நகல் அனுப்புவார்கள். வந்தது. எஞ்சின் எண், இருக்கை உறையின் நிறம், எந்த ஊர் விற்பனையாளருக்குப் போனது, எல்லாம் தட்டச்சில். எஞ்சின் எண் ஒத்துப்போனது. அன்று இரவு சமையலறையில் அந்த நகலை வைத்துக்கொண்டு ஜாதகம் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மே மாதம் அப்பா ஆறு மாத விசாவில் வந்தார். படகின் கதை உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

அப்பா கோயம்புத்தூரில் ஃபவுண்டரிகளுக்குப் பேட்டர்ன் செய்தவர். பம்ப் உடல், மோட்டார் மூடி, இம்பெல்லர் என்று எதை வார்ப்பதானாலும் முதலில் அதை மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். நாற்பது வருடம் அந்த வேலை. படகோடு அவருக்கிருந்த ஒரே உறவு, ஊட்டி ஏரியில் ஒருமுறை அரை மணி நேரம் ஏறியது. வந்த மறுநாள் காலை காப்பி டம்ளரோடு கராஜுக்குள் போனவர், கழற்றி வைத்திருந்த ஒரு பலகையை முகர்ந்து பார்த்தார். பிறகு நகத்தால் கீறினார்.

"மகாகனின்னு சொன்னியே கண்ணு. இது மகாகனி இல்ல."

சரிதான். அந்தக் காலத்தில் பிலிப்பைன் மகாகனி என்ற பெயரில் வியாபாரமான மரம் அது. தாவரவியலில் மகாகனிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. லுவான், மெராந்தி என்பார்கள், ஷோரியா இனம். நம் ஊரில் குங்கிலியம் எடுக்கும் மரங்களும் அதே ஷோரியாதான். இதைச் சொன்னதும் அப்பா பலகையை இன்னொரு முறை முகர்ந்தார். "அதான" என்றார்.

படகைக் கவிழ்ப்பது ஒரு சனிக்கிழமை வேலை. எஞ்சினை முன்பே இறக்கியாகிவிட்டது. உள்ளே குறுக்குச் சட்டங்கள் அடித்து, உருவம் கோணாமல் இறுக்கிவிட்டு, இரண்டு செயின் பிளாக்கில் தூக்கிப் புரட்டினோம். பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற தச்சர், தன் பங்குக்கு ஒரு பெல்ட்டைப் பிடித்தார். அவரும் அப்பாவும் அந்த ஆறு மாதமும் பேசிக்கொண்டது ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை. உளியை நீட்டினால் இவர் வாங்குவார், மூலைமட்டத்தைக் காட்டினால் அவர் தலையாட்டுவார்.

கவிழ்த்ததும் அப்பா முனையிலிருந்து முனைக்கு நூல் பிடித்தார். பின்பகுதியில் கடைசி நான்கடி நேராக இருக்க வேண்டும். என் படகில் நூலுக்கும் மரத்துக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி. டிரெய்லரில் தப்பான இடத்தில் தாங்கி வைத்து வருடக்கணக்கில் விட்டதன் பலன். இப்படி உள்வாங்கிய படகு, வேகம் எடுத்ததும் மூக்கைத் தண்ணீரில் புதைக்கும். அடிக்கட்டையில் மூன்றடி வெட்டி எடுத்து, வெள்ளை ஓக்கில் புதிதாகச் சேர்த்தோம். சாய்வு வெட்டி ஒன்றின் மேல் ஒன்று படியும் இணைப்பு, ஒரு அங்குலத் தடிமனுக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். அப்பாவின் இழைப்புளி வேலையை நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வேறெதுவும் செய்ய விடவில்லை.

அப்புறம் ஸ்க்ரூ. அடியில் மட்டும் என் கணக்குக்கு 1,900 சொச்சம். ஒவ்வொன்றின் தலையிலும், குழியை அடைக்கும் மக்கு பூசி மூடியிருக்கும். மக்கைச் சுரண்டி, கீறலைச் சுத்தம் செய்து, திருப்புளி வைத்துத் திருகினால் பாதி ஸ்க்ரூ தலையோடு முறிந்து வரும். முறிந்த இடம் மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருக்கும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். தண்ணீரில் கிடக்கக் கிடக்கத் துத்தநாகம் மெல்லக் கரைந்து போய், செம்பு சல்லடை மாதிரி மிஞ்சும். பார்க்க ஸ்க்ரூ, பிடித்தால் பொரி. அப்பா ஒன்றை விரலிடுக்கில் நசுக்கிக் காட்டிவிட்டு, "இத்தனை நாளா பெயிண்ட்தான் படகைப் புடிச்சிட்டு இருந்திருக்கு" என்றார். புதிதாகப் போட்டது சிலிக்கன் பிரான்ஸ். விலையைக் கேட்டால் தங்க வியாபாரம் மாதிரி இருந்தது. ஆனால் அதில் துத்தநாகத் தொல்லை இல்லை.

பலகையைக் கழற்றக் கழற்ற எனக்கு ஒன்று பிடிபட ஆரம்பித்தது. இந்தப் படகில் எதுவும் மறைந்து இல்லை. ஒரு மூடியை எடுத்தால் ஒரு ஸ்க்ரூ, ஸ்க்ரூவை எடுத்தால் ஒரு பலகை, பலகையை எடுத்தால் ஒரு சட்டம். ஒருவன் 1952இல் எந்த வரிசையில் கோத்தானோ அதே வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றினால் போதும். ஒரு சட்டத்தின் உட்புறம் பென்சிலில் யாரோ போட்ட கூட்டல் கணக்குக்கூட இருந்தது. தப்பான கூட்டல். வார்னிஷ் மினுமினுப்பைப் பார்த்துத்தான் வாங்கினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் வேலையை விடாமல் பிடித்து வைத்திருந்தது இந்தத் திறந்த மனசுதான். நான் வேலை பார்க்கும் கார்களில் ஒரு விளக்கை மாற்றவே பம்பரைக் கழற்ற வேண்டியிருக்கிறது.

பெரிய சண்டை அடிப்பலகையைப் பற்றித்தான் வந்தது.

இந்தப் படகுகளின் அடி இரண்டு அடுக்கு. உள்ளே கால் அங்குலப் பலகை குறுக்குச் சாய்வாக. அதன்மேல் மக்கில் தோய்த்த கேன்வாஸ் துணி. அதன்மேல் ஏறக்குறைய அரை அங்குலப் பலகை நீளவாக்கில். காய்ந்த படகைத் தண்ணீரில் விட்டால் இடுக்குகள் வழியாக ஒழுகும். ஒழுக ஒழுக மரம் ஊறி வீங்கும். வீங்கினால் இடுக்கு அடைபடும். ஒவ்வொரு வருடமும் பனிக்காலம் முடிந்து இறக்கும்போது இதே கதை. இன்று பெரும்பாலானவர்கள் இந்தச் சங்கடமே வேண்டாம் என்று இரண்டு அடுக்குக்கும் நடுவே 3எம் 5200 என்ற பாலியூரித்தேன் பசையை அப்பி ஒட்டிவிடுகிறார்கள். சொட்டுத் தண்ணீர் வராது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைத்தான் செய்யச் சொன்னார். நானும் சரி என்று பத்து டியூப் வாங்கி வைத்துவிட்டேன்.

அப்பா ஒரு துண்டுப் பலகையில் ஒட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு வாரம் காயவிட்டு, உளியும் கொட்டாப்புளியும் வைத்துப் பிரித்தார். பசை விடவில்லை, மரம்தான் கிழிந்தது.

"நாளைக்கு இதுல ஒரு பலகை போச்சுன்னா எப்படிக் கழட்டுவ?"

"போகாதுப்பா. அதுக்குத்தான இது."

"போகாத மரம்னு ஒண்ணு இருக்கா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. டியூப்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரப்பர் மாதிரி நெகிழ்ந்து கொடுக்கும் பாலிசல்ஃபைடு மக்கும் துணியும் போட்டுப் பழைய முறையிலேயே கட்டினோம். பசை வைத்தவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் படகு வெள்ளிக்கிழமை மாலை இறங்கி சனிக்கிழமை ஓடும். என்னுடையது இரண்டு நாள் நனைய வேண்டும். எனக்கு இது சம்மதம், அவ்வளவுதான்.

அடுத்த கேள்வி: பலகைக்கும் பலகைக்கும் நடுவே எவ்வளவு இடம்? நெருக்கிப் பூட்டினால் வீங்கும்போது இடமில்லாமல் ஒன்றையொன்று தள்ளி ஸ்க்ரூவைப் பிடுங்கும், சட்டத்தையே உடைக்கும். அகலமாக விட்டால் அடைபடாது. அப்பா தன் பழைய பையிலிருந்து ஓர் அளவுகோலை எடுத்தார். சின்ன வயதில் அதை வைத்துப் பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு அடி வாங்கியிருக்கிறேன். பேட்டர்ன் ஆசாரிகளின் சுருக்கு அளவுகோல் அது. உருக்கி ஊற்றிய இரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். அடிக்கு எட்டில் ஒரு அங்குலம். அதனால் அந்த அளவுகோலில் ஓர் அடி என்பதே கொஞ்சம் கூடுதலாகப் பொறித்திருக்கும். அதைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "நாப்பது வருஷம் சுருங்கறதுக்குக் கணக்குப் போட்டேன் கண்ணு. இப்ப வீங்கறதுக்குப் போடணும்."

போட்டார். புதுப் பலகைக்கு வாங்கிய ஆப்பிரிக்க மகாகனியில் ஆறு அங்குல அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, அளந்து, மூன்று நாள் வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்து, மறுபடி அளந்தார். வந்த வித்தியாசத்தில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக இடைவெளி. பழைய தபால் கார்டு ஒன்றின் தடிமன் சரியாக வந்தது. வீட்டில் தபால் கார்டு ஏது? மகளின் பிறந்தநாள் வாழ்த்து அட்டை ஒன்று பலகைக்குப் பலகை நடுவே நின்று ஆகஸ்ட் முழுக்க வேலை பார்த்தது.

மேலே, பக்கங்களிலும் தளத்திலும், ஸ்க்ரூ தலைக்கு மேல் மக்குக்குப் பதிலாக மரத்திலேயே வெட்டிய வட்டப் பிளக். எட்டில் மூன்று அங்குல விட்டம். இதைப் பசையில் வைக்காமல் வார்னிஷில் தோய்த்து வைப்பது பழைய வழக்கம்; பின்னால் எடுக்க வேண்டுமானால் நடுவில் ஒரு ஸ்க்ரூவைச் செலுத்தினால் தானே மேலே ஏறி வந்துவிடும். பிளக்கின் ரேகை பலகையின் ரேகையோடு ஒரே திசையில் ஓட வேண்டும். தட்டி இறக்கிய பிறகு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைச் சீவ வேண்டும். நான் ஒரே வெட்டாக வெட்டப் போனேன். அப்பா கையைப் பிடித்தார். முதலில் உயரத்திலேயே ஒரு மெல்லிய சீவல். அது மேல்நோக்கி உடைகிறதா, கீழ்நோக்கி இறங்குகிறதா என்று பார். கீழே இறங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து உளியை வை. இல்லாவிட்டால் பிளக் பலகை மட்டத்துக்குக் கீழே பிய்ந்துகொண்டு போய்விடும். இரண்டாவது சீவல், மூன்றாவது சீவல், கடைசியில் உளியின் முதுகைப் பலகையோடு படுக்க வைத்து ஒரு தள்ளு. நகத்தை ஓட்டினால் தட்டக் கூடாது.

முன்தளத்தில் நான் வைத்த பிளக்கில் ஒன்று குறுக்கு ரேகையாக நின்றுவிட்டது. சீவிய பிறகுதான் கண்ணில் பட்டது. நூற்றுக்கணக்கில் ஒன்று, யாருக்குத் தெரியப் போகிறது என்று விட்டுவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அதன்மேல் விரலை வைத்துவிட்டுப் போவார்.

அக்டோபரில் சாயம். இது பெயிண்ட் மாதிரி இல்லை. மரத் துவாரங்களை அடைக்கும் கூழும் நிறமும் கலந்த களிம்பு. தூரிகையால் பூசி, ஈரம் மங்கி மேலே சாம்பல் பூத்தது போல ஆகும் நேரம் பார்த்து, சாக்குத் துணியால் ரேகைக்குக் குறுக்கே அழுத்தித் துடைக்க வேண்டும். சீக்கிரம் துடைத்தால் துவாரத்திலிருந்தே வந்துவிடும். தாமதித்தால் கெட்டியாகும். நான் கராஜ் கதவைத் திறந்து வைத்து, காற்றோட்டமாக இருக்கட்டும் என்று வலப்பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் பூசினேன். பின்முனைக்கு வருவதற்குள் முன்முனை காய்ந்து சிமெண்ட் ஆகிவிட்டது. டர்பன்டைன் போட்டுத் தேய்த்ததில் மூன்று நாள் போயிற்று. என் தோளும் போயிற்று. இடப்பக்கத்தை இரண்டடி இரண்டடியாகச் செய்தேன். உற்றுப் பார்த்தால் இன்றும் வலப்பக்கம் ஒரு சாயல் கறுப்புதான்.

வார்னிஷ் பன்னிரண்டு கோட். ஒவ்வொன்றுக்கும் நடுவே 320ஆம் எண் உப்புத்தாள். தூசி பறக்காமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடங்குவேன். முதல் மூன்று கோட் வரை அப்பா இருந்தார். கராஜ் வாசலில் நின்று, "கோலம் ஒண்ணுதான் பாக்கி" என்பார். நவம்பரில் அவர் ஊருக்குப் போனார். மிச்ச ஒன்பதும் மார்ச், ஏப்ரலில்.

எஞ்சினைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வால்வு தேய்த்து, கார்புரேட்டர் கழுவி, தண்ணீர் பம்ப்புக்குப் புது இம்பெல்லர் போட்டதும் ஆறு வோல்ட்டில் முக்கி முனகிக் கிளம்பிவிட்டது. ஒன்றே ஒன்று: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கும். ஒரு பொறி பட்டால் கதை முடிந்தது. அதனால் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புளோயர் வைத்தேன். நான்கு நிமிடம் அது ஓடாமல் சாவியைத் தொடுவதில்லை. இது பழைய படகில் இல்லாத பொருள்தான். இருக்கட்டும்.

ஜூன் முதல் வாரம் இறக்கினோம். அதற்கு முன் நான்கு நாள் படகுக்குள் ஈரச் சாக்கு விரித்து, தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளித்து வைத்திருந்தேன். படகுத்துறையில் கிரேன் பெல்ட்டில் தொங்கவிட்டபடியே தண்ணீரில் இறக்கி, பெல்ட்டை அவிழ்க்காமல் இரவு முழுக்க வைப்பதாக ஏற்பாடு. இரண்டு பம்ப், கரையிலிருந்து மின்சாரம்.

தண்ணீர் தொட்ட முதல் நிமிடம் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒழுக்கு என்ற சொல் போதாது. இடுக்குக்கு இடுக்கு வெள்ளிக் கம்பி மாதிரி மேலே எழும்பிக்கொண்டிருந்தது. இருபது மாத வேலை. மகள், "அப்பா, மூழ்குதுப்பா!" என்றாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பம்ப் இரண்டும் நிற்காமல் கக்கின. நள்ளிரவுக்குள் கம்பிகள் சொட்டுகளாயின. மறுநாள் மதியம் ஒரு பம்ப் நின்றது. அதற்கும் மறுநாள் காலை ஏழு மணிக்கு இரண்டாவது பம்ப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் விழித்தது. 41 மணி நேரம். வாழ்த்து அட்டையின் தடிமன் மூடிக்கொண்டது.

பிறகுதான் எஞ்சினையும் ஷாஃப்ட்டையும் நேர்செய்தேன். டிரெய்லரில் வைத்து நேர்செய்தால் வீண். தண்ணீரில் ஊறிய பிறகு படகு தன் உருவத்துக்கு வரும், அப்போதுதான் அளவு நிற்கும். இரண்டையும் இணைக்கும் கப்ளிங் தட்டுகளுக்கு நடுவே, இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் தகட்டை விட்டு, சுற்றிலும் ஆயிரத்தில் மூன்று அங்குலத்துக்குள் வரும்வரை எஞ்சின் காலடிகளை ஏற்றி இறக்கினேன்.

செயின்ட் கிளேர் ஆற்றில் முதல் ஓட்டம். த்ராட்டிலை மெல்லத் தள்ளினால் மூக்கு உயர்ந்து, பின்னால் ஒரு மேடு உருண்டு, திடீரென்று படகு அந்த மேட்டில் ஏறி மட்டமாக ஓடும். நூல் பிடித்த நான்கடி தன் வேலையைச் செய்தது. ஃபைபர் படகு அலையில் விழுந்தால் டப்பென்று சத்தம் வரும். இது தும் என்கிறது, தரைக்கு அடியில் யாரோ உரலை வைத்த மாதிரி. அல்கோனாக்குக்கு எதிரே இரும்புத்தாது ஏற்றிய கப்பல் ஒன்று போனது. அதன் அலைக்கு ஒதுங்கி, எஞ்சினை அணைத்துவிட்டு, அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே சாயங்காலம், டீ நேரம்.

"தண்ணி நின்னுச்சா?"

"நின்னுச்சுப்பா. நாப்பத்தொரு மணி நேரம்."

எஞ்சினைக் காட்டினேன், ஸ்டீரிங்கைக் காட்டினேன், மகள் கையசைத்தாள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "போனை முன்னாடி கொண்டு போ" என்றார். கொண்டுபோனேன். "இன்னும் கொஞ்சம் வலது. அதுதான். அதை இன்னும் மாத்தலையா நீ?"

குறுக்கு ரேகை பிளக். பன்னிரண்டு கோட் வார்னிஷுக்கு அடியில் கறுப்பு மச்சம் மாதிரி பளபளத்துக்கொண்டிருந்தது.

"யாருக்குப்பா தெரியப் போகுது?"

"வார்னிஷ்லதான வெச்சிருக்க? ஒரு ஸ்க்ரூவை விட்டா வந்துரும்" என்று சொல்லிவிட்டு, அம்மா கூப்பிட்ட பக்கம் திரும்பினார்.